மூளைக்குள் வீட்டுக்காரர் யார், வெளியாள் யார்?

இன்று கொஞ்சம் வகுப்பறை வாடை அடிக்கும். பொறுத்தருள்க.

நம் மூளையில் குப்பை அள்ளிக் காவலும் காக்கும் செல்கள் மைக்ரோகிளியா. 1919இல் ஸ்பெயின் நாட்டு பியோ டெல் ரியோ ஒர்டேகா வெள்ளிச் சாயமேற்றி இவற்றைத் தனி இனமாகக் காட்டினார். கருவின் தொடக்க நாட்களிலேயே கரு உணவுப்பையிலிருந்து வந்து மூளையில் குடியேறியவை இவை என்று 2010இல் எலிகளில் நிரூபித்தார்கள்.

பக்கவாதமோ காயமோ வந்தால், இரத்தத்திலிருந்து வேறு விழுங்கு செல்களும் மூளைக்குள் நுழைகின்றன. அவற்றை மேக்ரோஃபேஜ் என்கிறோம். நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டும் ஒரே சாயல்! கெடுதல் செய்வது வீட்டுக்காரரா, வெளியாளா? வெளியாள் என்றால் இரத்தக்குழாயிலேயே தடுக்கலாம். வீட்டுக்காரர் என்றால் மருந்து மூளைக்குள்ளேயே போயாக வேண்டும். ஆளை மாற்றிப் பிடித்தால் மருந்தும் தவறிப்போகும்.

அடையாளம் காண எதிர்ப்பொருள்கள் உதவுகின்றன. ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஒரு புரதத்தில் போய் ஒட்டும். அதோடு ஒளிரும் சாயத்தை இணைத்துவிடுவார்கள். ஐபா1, சிடி11பி இரண்டும் இரு தரப்பிலும் ஒட்டும், பிரித்துக் காட்டாது. சிடி45 மைக்ரோகிளியாவில் குறைவு, வந்தேறிகளில் அதிகம். இரத்தக்குழாய் ஓரத்திலும் மூளை உறையிலும் வாழும் மேக்ரோஃபேஜ்களுக்கு சிடி206 உண்டு. மைக்ரோகிளியாவுக்கே உரியவையாகக் கிடைத்தவை பி2ஆர்ஒய்12, டிமெம்119. பின்னதற்கான எதிர்ப்பொருளை 2016இல் ஸ்டான்ஃபோர்டில் பென் பேரஸின் ஆய்வகம் வெளியிட்டது.

அப்பாடா, தீர்ந்தது என்கிறீர்களா? இல்லை. நோய் வந்ததும் மைக்ரோகிளியா இந்த இரண்டு புரதங்களையும் குறைத்துக்கொள்கிறது. சிடி45ஐ ஏற்றிக்கொள்கிறது. சண்டை தொடங்கியதும் பையன் சீருடைச் சட்டையைக் கழற்றிவிட்ட மாதிரி! அடையாளம் எப்போது மிகவும் தேவையோ அப்போதுதான் மங்குகிறது. டிமெம்119 ஒட்டவில்லை என்பதால் மட்டும் அந்தச் செல்லை வெளியாள் என்று முத்திரை குத்த முடியாது.

அதனால் இரண்டு மூன்று குறியீடுகளைச் சேர்த்து, செல்லின் வடிவத்தையும் இருக்கும் இடத்தையும் பார்க்கிறார்கள். எலிகளில் என்றால் பிறந்த வழியையே மரபணு முறையில் பின்தொடர்கிறார்கள். மனித மூளையில் அது முடியாது.

இனி ‘மூளை நோய்க்குக் காரணமான செல் சிக்கியது’ என்று செய்தி வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த அடையாளத்தை வைத்துப் பிடித்தீர்கள், அதுவும் ஒன்றே ஒன்றை வைத்தா?