சேவூரில் ஒரு கொள்ளுத் தாத்தாவைத் தேடி...

முகூர்த்த மாதங்களில் ஆரணிப் பேருந்து நிறைய கல்யாணப் பட்டு எடுக்கப் போகிற குடும்பங்கள்தான். அபூர்வமாக வேறு காரியத்துக்கும் சிலர் வருவதுண்டு. ஆரணியை ஒட்டிய சேவூரில் இறங்கி, முதலில் தென்படும் பெரியவரிடம், "எங்க கொள்ளுத் தாத்தா இங்கே தறி போட்டவராம். வீடு எதுன்னு தெரியுமாங்க?" என்று கேட்பார்கள். அவர்கள் கையில் இருப்பது ஒரே ஒரு பெயர். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊர்களில் அந்தப் பெயர் பத்துப் பேருக்காவது இருக்கும்!

பெரியவர் பெயரை விட்டுவிட்டு, "எந்த வகையறா? குலதெய்வம் எது?" என்று திருப்பிக் கேட்பார். குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாமல், இனிஷியலோடு நிற்கிற நமக்கு இந்த இரண்டும்தான் முகவரி. இதற்குப் பதில் தெரியாமல் பஸ் ஏறுவது வீண் அலைச்சல்.

அதனால் தேடலை வீட்டுப் பரணில் தொடங்குவதே நல்லது. பழைய கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, ஜாதகம், மொய் நோட்டு எல்லாம் கிடைக்கும். மொய் நோட்டு சாதாரணமானதல்ல. யார் எந்த ஊரிலிருந்து வந்து எவ்வளவு வைத்தார் என்று எழுதியிருக்கும். மறந்துபோன உறவின் ஊர்கள் அதில்தான் அகப்படும். அடுத்ததாக, வீட்டில் மூத்தவரிடம் கேட்க வேண்டிய கேள்வி: "யார் வீட்டுச் சாவுக்கு நமக்குத் தீட்டு?" பங்காளிகள் பட்டியல் அந்தப் பதிலிலேயே வந்துவிடும்.

காகிதம் தேடுபவர்களுக்கு மாவட்டம் ஒரு கண்ணாமூச்சி. இன்று சேவூர் இருப்பது திருவண்ணாமலை மாவட்டம். 1989 வரை அது வட ஆற்காடு, தலைநகரம் வேலூர். 1911-க்கு முன்போ வட ஆற்காட்டுக்குத் தலைநகரம் சித்தூர், இப்போது ஆந்திரத்தில் இருக்கிறது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, அலுவலகம்தான் இடம் மாறியிருக்கிறது. போதாக்குறைக்கு, ஆரணி மராத்தி பேசிய ஜாகீர்தார்களிடம் இருந்த ஜாகீர். முன்னோர் நிலம் ஜாகீரில் இருந்ததா, சர்க்கார் கிராமத்தில் இருந்ததா என்று தெரிந்துகொண்டு சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனால் பாதி வேலை மிச்சம்.

பரம்பரைக் கர்ணம் பதவி 1980-ல் ஒழிந்தது. அதற்குமுன் ஊர்க் கணக்கு கர்ணம் வீட்டில் இருக்கும். இப்போது 'அ' பதிவேடும் சிட்டாவும் கிராம நிர்வாக அலுவலர் பொறுப்பில். வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975 முதல் இணையத்திலேயே கிடைக்கிறது. அதற்கு முந்தையது என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். தறி மட்டும் வைத்திருந்து, நிலமில்லாத நெசவாளருக்கு இதெல்லாம் அதிகம் உதவாது. அவர் பெயர் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய உறுப்பினர் பதிவேட்டிலோ, பாவும் ஜரிகையும் கொடுத்துக் கூலி எழுதிய முதலாளியின் கணக்கு நோட்டிலோ இருக்கலாம். வீட்டை இடித்துக் கட்டும்போது அந்த நோட்டுகள் எடைக்குப் போகின்றன. போனால் போனதுதான்.

விசித்திரம் என்னவென்றால், கடல் தாண்டிப் போன ஏழைகளுக்கு நல்ல பதிவு இருக்கிறது. 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, கிராமம் என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். வட ஆற்காட்டுக்காரர்கள் அதில் ஏராளம். மொரீஷியஸில் மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டில் அங்கே போனவர்களின் பதிவேடுகள் இருக்கின்றன. ஊரிலேயே இருந்துவிட்ட அண்ணனின் பெயர் எங்கும் இல்லாமல், கப்பலேறிய தம்பியின் பெயர் அங்கே இருக்கக்கூடும்.

பெண்கள் விஷயம்தான் சங்கடம். பட்டா ஆண் பெயரில். வம்சாவளி சொல்பவரும் அப்பா, தாத்தா, பாட்டன் என்றே போவார். இழை கோத்தவளும் நூல் சுற்றியவளும் "இன்னாரின் சம்சாரம்" ஆகிவிடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு சாட்சி உண்டு: சீர் பாத்திரம். பித்தளைக் குடத்தின் கழுத்தில், செம்பின் அடியில், புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில் பெண்ணின் பெயரும், சில சமயம் ஊரும் தேதியும் இருக்கும். பழைய பாத்திரத்தைப் போட்டுப் புது எவர்சில்வர் வாங்குமுன், புளி போட்டுத் தேய்த்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து ஒருமுறை படித்துவிடுங்கள்.