முறைப்பாட்டில் யாருடைய கையெழுத்து?

கடந்த தை மாதம் வட்டுக்கோட்டைக்குப் போயிருந்தபோது, எனக்குக் கணிதம் படிப்பித்த ஆசிரியர் என்னை அராலிப் பக்கத்து வெளிக்கு அழைத்துச் சென்றார். அங்கே நைலோன் வலை கட்டியிருந்தார்கள். அதில் ஒரு கொக்கு இன்னமும் சிறகடித்துக் கொண்டிருந்தது. அவர் இரண்டு அலுவலகங்களுக்கு அலைந்தாராம். “இது சரணாலயம் இல்லையே மாஸ்டர்” என்பதே கிடைத்த மறுமொழி.

“அப்ப ஆர் தம்பி வழக்குப் போடுறது?” என்று கேட்டார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகையில் எழுதிய எனக்கு உடனே பதில் தெரியவில்லை. சட்டங்களைப் புரட்டினேன். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், அட்டவணையிற் குறித்த சில இனங்கள் நீங்கலாக, பறவைகளைச் சரணாலயத்துக்கு வெளியிலும் பாதுகாக்கின்றது. வழக்கமாக வழக்குத் தொடுப்போர் வனஜீவராசிகள் திணைக்களத்தாரும் பொலிஸாருமே. ஆயினும் 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 136 ஆம் பிரிவு, தனியாள் ஒருவர் நீதவானிடம் முறைப்பாடு செய்யவும் இடமளிக்கின்றது. எழுத்திலாயின் சட்டத்தரணி வரைந்து ஒப்பமிட வேண்டும். முறைப்பாட்டாளரும் கையெழுத்திட வேண்டும். இந்தியாவிலும் 1991 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், அறுபது நாள் முன்னறிவித்தல் கொடுத்து எவரும் வனவிலங்குக் குற்றத்துக்காக நீதிமன்றம் செல்லலாம்.

உரிமை இருக்கின்றது. ஆனால் சட்டத்தரணியின் கட்டணம், தவணைதோறும் அலைச்சல், வலை கட்டியவரோடு ஒரே ஊரில் வாழும் சங்கடம் யாவும் அந்த ஒருவரின் தலையில். வில்பத்துக்கு வடக்கே காடழிக்கப்பட்டமைக்கு எதிராகச் சுற்றாடல் நீதிக்கான மையம் 2015 இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சென்றது. அது குற்றவியல் வழக்கன்று, பேராணை மனு. முன்னாள் அமைச்சர் ஒருவரின் செலவில் காட்டை மீள உருவாக்குமாறு தீர்ப்பு வந்தது 2020 நவம்பர் 16 இல். ஓர் அமைப்புக்கே ஐந்து ஆண்டுகள் என்றால், எண்பதைத் தாண்டிய ஓய்வூதியர் என்ன செய்வார்?

அறிந்ததை மாஸ்டரிடம் சொன்னேன். பேசாமல் கேட்டுக் கொண்டிருந்தவர், “நீ பேப்பரிலை எழுதுவாய், அது தெரியும். நீயும் கண்டனி. என்ரை பேருக்குக் கீழை உன்ரை பேரையும் வைப்பியோ?” என்றார்.

எத்தனையோ செய்திகளுக்கு என் பெயரை இட்டிருக்கின்றேன். ஒரு முறைப்பாட்டிலும் சாட்சியாக இட்டதில்லை. நடுநிலை என்று அதற்குப் பெயர் சொல்லி வந்தேன். அதிற் பாதி அச்சம் என்பதை அன்றுதான் ஒப்புக் கொண்டேன்.

வைப்பதாகச் சொல்லிவிட்டேன். சட்டத்தரணி ஒருவரைத் தேடிக் கொண்டிருக்கின்றோம்.