கோர்கி வாங்கப் போகிறாயாமே!

கார்டிஃப்

அடி கோமு,

உன் பேரன் கோர்கிக் குட்டி வேண்டுமென்று அடம்பிடிக்கிறான், விசாரித்துச் சொல் என்று எழுதியிருந்தாய். விசாரிக்க எங்கேயும் போக வேண்டாம். மகள் வீட்டுக்கு அடுத்த வீட்டிலேயே ஒன்று இருக்கிறது. வேலியோரம் நின்று பேசிப் பேசியே அதன் குலம் கோத்திரமெல்லாம் எனக்கு அத்துப்படி.

போட்டோவைப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக் கொஞ்சுகிற நாய் என்று நினைத்துவிடாதே. இந்த வேல்ஸ் நாட்டு விவசாயிகள் மாடு ஓட்ட வளர்த்த ஜாதி. உயரம் பத்துப் பன்னிரண்டு அங்குலம்தான், ஆனால் அந்தக் குட்டைக் காலில்தான் சூட்சுமமே! பின்னாலிருந்து மாட்டின் குதிகாலைக் கவ்விவிட்டுப் பதுங்கிக்கொண்டால், மாடு விடுகிற உதை தலைக்கு மேலே போய்விடுமாம். மாடு மேய்க்கிற வேலை போயும் புத்தி போகவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளைகள் தோட்டத்தில் ஓடினால் போதும், வளைத்து வளைத்து ஓடிக் காலைக் கவ்வி, எல்லாரையும் ஒரு மூலைக்கு ஒதுக்கிவிடுகிறது. முகத்தில் என்ன கடமையுணர்ச்சி என்கிறாய்! காயமொன்றும் இல்லை, ஆனாலும் கடைக்குட்டி வீறிட்டு அழுகிறது. குட்டியிலேயே கண்டித்து வளர்க்காவிட்டால் கஷ்டம் என்கிறாள் அந்த அம்மாள்.

அரண்மனைக் கதை தெரியுமோ? எலிசபெத் ராணிக்குப் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு, 1944இல், அப்பா கொடுத்த கோர்கியின் பெயர் சூசன். 1947இல் கல்யாணமாகித் தேனிலவுக்குப் போகையில் வண்டியில் கம்பளிக்கு அடியில் ஒளித்து அதையும் கூட்டிப்போயிருக்கிறாள் மகராசி. மாப்பிள்ளை என்ன நினைத்தாரோ! பிறகு, அரண்மனைக் கடிகாரங்களுக்குச் சாவி கொடுக்கிறவரின் காலையும் அந்தச் சூசன் பதம் பார்த்ததாம். மாடு கிடைக்காவிட்டால் யார் கால் கிடைத்தாலும் சரிதான் போல. ராணி 2022இல் போனபோது மிச்சமிருந்த இரண்டு கோர்கிகளும் மகன் ஆண்ட்ரூவிடம் போயின.

உன் காரியத்துக்கு வருகிறேன். புத்திசாலி; சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். வீட்டு மனிதர்கள் மேல் உயிரையே வைத்திருக்கும். ஆனால் வாய் ஜாஸ்தி, தெருவில் செருப்புச் சத்தம் கேட்டாலே குரைப்பு. போட்டதையெல்லாம் தின்னும், எடை ஏறினால் அந்த நீள முதுகுக்கு ஆபத்து. சோபாவிலிருந்து குதிக்க விடக் கூடாது, மாடிப்படியும் ஆகாது. முடி இருக்கிறதே, அதுதான் பெரிய கூத்து. உள்ளே பஞ்சாக ஒன்று, மேலே முரடாக ஒன்று, இரண்டு அடுக்கு. வருஷம் முழுக்க உதிர்கிறது. அந்த அம்மாள் கறுப்புத் துணி உடுத்துவதையே விட்டுவிட்டாள்.

மதுரைச் சித்திரை வெயிலில் இந்தக் கம்பளியோடு அது என்ன பாடுபடும், யோசித்துக்கொள். ஒட்ட வெட்டிவிடலாம் என்றும் கணக்குப் போடாதே, வெயில் தோலில் படாமல் காப்பதும் அந்த முடிதான். நடக்கக் கூட்டிப்போவதென்றால் விடியும் முன்னே போக வேண்டும்.

பேரனிடம் கேள்: விடியற்காலையில் எழுந்து கூட்டிப்போவது யார், முடியைப் பெருக்குவது யார்? 'பாட்டிதான்' என்றானானால் உடனே எனக்கு எழுது, நானே அவனுக்கு போன் போடுகிறேன்.

உன்,
பட்டு