மரமேறாது கிடைத்த மது

சிலாபத்துத் தென்னந்தோப்புகளில் கள்ளின் சுவையைக் குறித்து முதியவர்கள் வழங்கும் தீர்ப்புகள் மிக நுட்பமானவை. விடியலில் இறக்கியதற்கு ஒரு சுவை, அந்தியில் இறக்கியதற்கு வேறொரு சுவை. கோடைக்கும் மாரிக்கும் இடையிலும் பேதம் உண்டு. நாற்பது ஆண்டுகள் பாளை சீவிய அத்தகைய முதியவர் ஒருவரின் கைக்கு, 2003ஆம் ஆண்டில், யப்பானிய விஸ்கிப் போத்தல் ஒன்று வந்து சேர்ந்தது. பழைய மோட்டார் வாகன வியாபாரத்தின் பொருட்டு யப்பான் சென்றிருந்த மருமகன் கொணர்ந்தது. கருய்சவா என்னும் ஊரின் பெயரை அது தாங்கியிருந்தது.

அவ்வூருக்கு அருகே, அசாமா எரிமலையின் அடிவாரத்தில், 1950களின் நடுப்பகுதியில் தொடங்கிய வடிசாலை 2000ஆம் ஆண்டிலேயே வடிப்பதை நிறுத்திவிட்டது. அன்று அப்போத்தலுக்குப் பெருவிலை இல்லை. முற்றத்தில் ஐவர் கூடிப் பகிர்ந்து கொண்டனர். முதியவர் நெடுநேரம் முகர்ந்தார். ஒரு மிடறு அருந்தினார். உலர்ந்த முந்திரிகையும் மெல்லிய புகையும் நாவில் நின்றன. பழைய தேவாலயத்து அலுமாரியைத் திறந்தாற்போல் மணக்கிறது என்றார். ஹல்மில்ல மரப்பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடந்த தென்னஞ்சாராயத்தை அறிந்தவருக்கு மரத்தின் வேலை உடனே புலப்பட்டது. ஆனால் மூலப்பொருள் பிடிபடவில்லை.

“பார்லி, மாமா. வயலில் விளைகிறது.”

பார்லியைக் காய்ச்சல்காரருக்குக் கொடுக்கும் கஞ்சியாக மட்டுமே அவர் அறிந்திருந்தார்.

“அப்போ இதுக்கு மரம் ஏறத் தேவையில்லையா, மருமகன்?”

“இல்லை.”

“அப்படியென்டா ஏன் மூடினாங்க?”

மருமகனிடம் விடையில்லை. யப்பானில் விஸ்கி விற்பனை 1983இல் உச்சத்தை எட்டிப் பின்னர் கால்நூற்றாண்டு சரிந்தது என்பதே விடை. ஹன்யு வடிசாலையும் அதே 2000ஆம் ஆண்டில் ஓய்ந்தது. பிற்காலத்தில் உலகம் அவற்றைத் தேடத் தொடங்கியது. 1960இல் வடிக்கப்பட்ட கருய்சவா 2013இல் 41 போத்தல்களாக வெளிவந்தது. அவற்றுள் ஒன்று 2020இல் இலண்டன் ஏலத்தில் 3,63,000 பவுணுக்கு விலைபோனது. ஆலைக் கட்டடங்கள் 2016இல் இடிக்கப்பட்டன. எனினும் பீப்பாய்களில் எஞ்சியிருந்த மது ஆலை ஓய்ந்த பின்னரும் முதிர்ந்து கொண்டேயிருந்தது.

கள்ளுக்கு அவ்வாய்ப்பு இல்லை. விரியாத பாளையைக் கயிற்றால் வரிந்து, நாட்கணக்கில் மென்மையாகத் தட்டிப் பதப்படுத்தி, நுனியை மெல்லியதாகச் சீவினால்தான் சாறு சொட்டும். ஓங்கித் தட்டினால் பாளை கெடும்; மெதுவாகத் தட்டினால் சாறு வராது. அளவு கைக்கே தெரியும். முட்டியில் விழுந்த கணத்திலேயே புளிக்கத் தொடங்கும் சாறு, மறுநாள் காடியை நோக்கிப் போய்விடும். ஆதலால் சாராயத்துக்குரிய கள்ளைத் தாமதமின்றி வடித்தாக வேண்டும். சாராயம் பீப்பாயில் காத்திருக்கும். பாளை தட்டும் கையை எந்தப் பீப்பாயிலே வைப்பது?

முதியவரின் புதல்வர் இருவரும் இத்தாலி சென்றனர். இக்கரையோரத்தில் அது புதுமையல்ல. தொழிலின் இழிபெயரையும் விழுந்து முதுகொடிந்தவர்களின் கதைகளையும் கேட்டு வளர்ந்த பிள்ளைகளைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. முதியவரும் கூறவில்லை, அவர்களை மரமேற அழைத்ததுமில்லை.

மரத்துக்கு மரம் அவர் கட்டியிருந்த தும்புக் கயிறுகள் மழையில் இற்று வீழ்ந்தன. அத்தென்னைகளில் இப்போது தேங்காய் பறிக்கிறார்கள். பறிப்பவரும் ஏறுவதில்லை, நீண்ட மூங்கிற் கழியின் நுனியிற் கத்தியைக் கட்டி, நிலத்தில் நின்றே பறிக்கிறார்.