‘அல்லது’ என்னும் சொல்

இளங்கலையில் அவள் பெற்றது 47 விழுக்காடு. முதலாண்டில் வகுப்பின் முன்வரிசையில் நின்றவள்தான். இரண்டாம் ஆண்டில் தந்தை படுக்கையில் விழ, மருத்துவமனைக்கும் வகுப்பறைக்குமாக அலைந்து, இரு தாள்களை மறுமுறை எழுதித் தேறினாள். பின்னர் முதுகலை வரலாற்றில் 68 பெற்றாள். மதிப்பெண் பட்டியல் சரிவைக் காட்டும், காரணத்தைச் சொல்லாது.

தந்தை விட்டுச்சென்ற நிலவழக்குக்காகத் தாயுடன் நீதிமன்றத் தாழ்வாரங்களில் காத்துநின்ற ஆண்டுகளே அவளைச் சட்டத்தின்பால் திருப்பின. விண்ணப்பிக்க முனைந்தபோது அந்த 47 குறுக்கே வந்தது. இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகள் பொதுப் பிரிவினருக்கு வகுத்த குறைந்த அளவு 45 விழுக்காடு. பல்கலைக்கழகங்கள் அதற்கு மேலும் கேட்கலாம். தில்லிப் பல்கலைக்கழகத்தின் மூன்றாண்டுச் சட்டப்படிப்பு 50 கேட்கிறது. ஆனால் இளங்கலையில் அல்லது முதுகலையில் என்கிறது. அந்த ஒற்றைச் சொல் அவளுக்கு வழிவிட்டது. தகுதி உறுதியானபின் இடத்தைத் தீர்மானிப்பது நுழைவுத்தேர்வின் தரவரிசையே.

அச்சொல் இல்லாத தகுதி விதிகளும் உண்டு. அங்கே எத்தனை ஆண்டுகள் உழைத்துப் பெற்ற முதுகலையும் பொருட்படாது. பத்தொன்பது வயதில் ஒரு குடும்பத்தின் சுமையைத் தூக்கியவருக்கு, அதன் விலையை ஆயுள் முழுதும் செலுத்தச் சொல்வது எவ்வகை நீதி? சட்டம் கற்பிக்கும் நிறுவனங்கள் முதலில் விடையளிக்க வேண்டிய கேள்வி இது.