புது வண்டியும் ஜாப் கார்டும்

வண்டி வாங்கி 19-வது நாள். மீட்டரில் 640 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது, டம்டம் பாறைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. இன்ஜின் ஓடுகிறது, கியர் விழவில்லை. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு நானும் வீட்டுக்காரியும் ஓரமாக நின்றோம். ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் வாங்கியது, வயிறு எரிந்தது.

சர்வீஸ் சென்டரில் ஒரு தம்பி ஜாப் கார்டில் ‘பொதுப் பரிசோதனை’ என்று எழுதினார். “கியர் விழவில்லை, வண்டி நகரவில்லை, 640 கி.மீ. என்று எழுதுங்க தம்பி. அப்புறம் கையெழுத்துப் போடுகிறேன்” என்றேன். தயங்கித் தயங்கி எழுதினார். அந்த ஒரு வரிதான் கைகொடுத்தது.

கியர்பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்து தருவதாகச் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. புதிதாகவே மாற்ற வேண்டும் என்று, ஜாப் கார்டு நகலோடு, விற்றவருக்கும் தயாரித்தவருக்கும் பதிவுத் தபால் அனுப்பினேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம் என்பதையும் அதில் குறிப்பிட்டேன். மூன்று வாரத்தில் புது கியர்பாக்ஸ் வந்தது. மாற்றியதை எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

இப்படி யாருக்காவது நேர்ந்தால் கவுண்டரில் சத்தம் போட வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதவைத்து நகல் வாங்குங்கள். யோசனை கேட்க நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.