எந்தக் கடிதத்துக்கு எந்த மொடல்?

இலங்கையின் ஹட்டனில் மனு எழுதிக் கொடுக்கும் என் மேசைக்கு அதிகம் வருவது ஈ.பி.எப். என்னும் ஊழியர் சேமலாப நிதிக் காசு விடயந்தான். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கக்கூடிய பணம், பெயரில் ஓர் எழுத்து மாறியதால் நின்றுபோகிறது. தோட்டத்துச் செக்ரோலில் (வரவுப் பதிவேட்டில்) ராமாயி, அடையாள அட்டையில் ராமாய். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடித்து, தொழில் அலுவலகத்துக்குக் கடிதம் போட வேண்டும்; பல வேளை சிங்களத்தில்.

இந்தக் கடிதங்களை எழுத எந்த ஏஐ மொடல் நல்லது, சாட்ஜிபிடியா, ஜெமினியா, குளோட்டா என்று பொடியன்கள் கேட்கிறார்கள். எது கெட்டிக்கார மொடல் என்று நான் பார்ப்பதில்லை. பிழை வந்தால் யாருக்கு நட்டம், அந்தப் பிழை என் கண்ணில் படுமா, இந்த இரண்டையுந்தான் பார்க்கிறேன்.

பெயர்க் கடிதத்தில் பெரிய ஆபத்து, மொடல் உதவி செய்யப்போய் இரண்டு பெயரையும் ஒரே மாதிரித் திருத்திவிடுவது. பிறகு அந்தக் கடிதத்தால் ஒரு பயனும் இல்லை. அதனால் 'பெயர் 1', 'பெயர் 2' என்றே கொடுப்பேன். உண்மைப் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கடைசியில் நானே அடிப்பேன். ஏழைத் தொழிலாளியின் விபரம் வெளியே போகாமலிருக்கவும் இதுதான் வழி. சொன்னதை மீறாத மொடலே இந்த வேலைக்கு ஆகும்.

தமிழை அழகாக எழுதும் மொடல் சிங்களத்தையும் அப்படியே எழுதும் என்று நம்பக்கூடாது. எழுத்துச் சிங்களத்தில் எழுவாய்க்கு ஏற்ப வினை முடிய வேண்டும், பேச்சில் அப்படியில்லை. இரண்டையும் கலந்து எழுதினால் அதிகாரிக்கு உடனே தெரிந்துவிடும். பக்கத்துக் கடைச் சிங்கள நண்பர் படித்துச் சரி சொன்ன பிறகே கடிதம் தபாலுக்குப் போகும்.

தமிழ்க் கடிதத்தில் தமிழகத்து அலுவலகச் சொல் வந்து புகும். ஊழியர் சேமலாப நிதி, வருங்கால வைப்பு நிதி ஆகிவிடும். பிரதேச செயலாளர் வட்டாட்சியர் ஆகிவிடுவார். நம் சொற்பட்டியலை முதலிலேயே கொடுத்துவிட்டால் இலவசச் சிறிய மொடலே போதும். பெரியதற்குக் காசு கட்டத் தேவையில்லை.

ஈ.பி.எப்.-க்குச் சம்பளத்தில் தொழிலாளி 8 வீதம், தோட்டம் 12 வீதம் என்ற கணக்கை எந்த மொடலிடமும் விடுவதில்லை. அது எக்செல்லின் வேலை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, தரவரிசைப் பட்டியலை நம்பி மொடல் தேடாதீர்கள். முடிந்துபோன பழைய கடிதங்கள் சிலவற்றைப் பெயர் நீக்கி எடுத்து வையுங்கள். புது மொடல் வரும்போதெல்லாம் அவற்றையே கொடுத்துப் பாருங்கள்.